தல்லாகுளத்துக்கு வந்த 117 வோல்ட் பெருக்கி

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிச் சில நாட்கள் ஆகியிருக்கும். தல்லாகுளத்தில் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சிகாகோவில் இருக்கும் அவருடைய மாமா தம்முடைய பழைய கித்தார் ஆம்ப்ளிஃபயரைக் கப்பலில் அனுப்பியிருந்தார். ஆலயப் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் இந்த மாணவருக்கு அது ஒரு பொக்கிஷம். வால்வுகள் வைத்த பெருக்கி. ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்டது. அதன் முதுகில் ஒரு தகடு: 117 வோல்ட், 60 சைக்கிள், 100 வாட்.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட் என்பதை அறியாதவர் அல்லர் அவர். கடையில் ஒரு 'ஸ்டெப் டவுன்' வாங்கி இணைத்திருந்தார். பாட்டு நன்றாகவே வந்ததாம். அரை மணி நேரத்தில் சூடேறிய வார்னிஷ் வாசனையும் வந்திருக்கிறது.

"சார், வோல்ட் சரியாத்தான் வருது. மீட்டர் வெச்சுப் பார்த்தேன். அப்புறம் ஏன் சார் சூடாகுது? இன்னொண்ணு, கம்பியைத் தொட்டா லேசா சுர்ருங்குது."

நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு விடை கூற வேண்டுமானால் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும். இரண்டாவது கேள்வி உயிரைப் பற்றியது. அதற்குப் பிறகு வருவோம். அதுவரை அந்தப் பெருக்கியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அமெரிக்காவில் 117 வோல்ட் எப்படி வந்தது? 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரில் பேர்ல் தெரு மின் நிலையத்தை எடிசன் தொடங்கினார். அவர் வழங்கியது நேர்மின்னோட்டம். ஏறத்தாழ 110 வோல்ட். இந்த எண்ணில் தத்துவம் எதுவும் இல்லை. இது ஒரு பேரம் என்றே சொல்ல வேண்டும். மூங்கிலைக் கரியாக்கிச் செய்த விளக்கு இழை 100 வோல்ட்டை ஒட்டி நெடுநாள் தாங்கியது. அதற்கு மேல் போனால் இழை போய்விடும். கீழே இறங்கினால் தெருவுக்கடியில் புதைக்கும் செம்புக் கம்பி மிகத் தடிமனாக வேண்டும். வழியில் இழக்கும் அழுத்தத்துக்குச் சற்றுச் சேர்த்து 110 என்று வைத்துக்கொண்டார்கள். பின்னர் அது 115, 117, 120 என்று படிப்படியாக ஏறியது. பழைய அமெரிக்கக் கருவிகளின் தகடுகளைப் பார்த்தே அவை எந்தக் காலத்தவை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

செம்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு மாணவர்கள் அறிந்ததே. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே இழப்பு கால்பங்காகும். அல்லது அதே இழப்பை ஏற்றுக்கொண்டால் செம்பு கால்பங்கு போதும். பெர்லின் நகர மின் நிறுவனம் 1899-இல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 220 வோல்ட்டுக்கு மாறியது. வாடிக்கையாளர்களின் விளக்குகளையும் மோட்டார்களையும் மாற்றித்தர ஆன செலவை, செம்பில் மிச்சமான பணம் ஈடுகட்டிவிட்டது. ஐரோப்பா அந்த வழியில் சென்றது. அமெரிக்காவிலோ அதற்குள் ஏராளமான வீடுகளில் 110 வோல்ட் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முந்திக்கொண்டவர்கள் முதல் ஏற்பாட்டிலேயே நின்றுவிடுவது பொறியியலில் அடிக்கடி காணும் காட்சி.

இனித் தகட்டின் இரண்டாவது எண்: 60 சைக்கிள். இன்று ஹெர்ட்ஸ் என்கிறோம். மாறுமின்னோட்டம் வந்த தொடக்கத்தில் ஆளுக்கொரு அதிர்வெண். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் முதலில் 133 சைக்கிளில் இயங்கியது. மோட்டார்களுக்கு அது ஒத்துவராமல் 60-க்கு இறங்கியது. நயாகரா நீர்வீழ்ச்சியில் 1895-இல் 25 சைக்கிள். ஜெர்மனியில் 1891-இல் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு மின்சாரம் அனுப்பியபோது 40 சைக்கிள். விளக்குகள் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் ஏ.இ.ஜி. நிறுவனம் 50-க்கு உயர்த்திக்கொண்டது. ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. டோக்கியோ ஜெர்மன் இயந்திரங்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. விளைவு, இன்றைக்கும் அந்நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. 1918-இல் இலண்டன் நகரத்தில் மட்டும் 10 அதிர்வெண்களும் 24 வகை மின்னழுத்தங்களும் புழங்கின என்றால், அன்றைக்கு வீடு மாறிக் குடிபோனவர் பாடு எப்படி இருந்திருக்கும்! பிரிட்டனில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் 50 சைக்கிள் தேசிய மின்தொடர் உருவாயிற்று.

நம் பக்கமும் முதலில் ஒரே சீராக இருந்ததில்லை. சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகள் நேர்மின்னோட்டத்தில் ஓடின. காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதிர்வெண் நயாகராவைப் போலவே 25. ஆக, அமெரிக்க சைக்கிள் தென்னாட்டுக்கு வந்தது இந்தப் பெருக்கியோடு அன்று. நீலகிரியில் பைகாரா 1930-களின் தொடக்கத்திலும், தாமிரபரணியில் பாபநாசம் 1944-லும் மின்சாரம் தரத் தொடங்கின. பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்து இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது 1895-இல். அதே தண்ணீரைக் கொண்டு கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் மின் நிலையம் அமைந்தது 1950-களின் இறுதியில். இவை யாவும் ஒரே தொடரில் இணைய வேண்டுமானால் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் சுழன்றாக வேண்டும். மாட்டு வண்டியில் ஒரு மாடு வேகமாகவும் மறு மாடு மெதுவாகவும் நடக்க முடியாதல்லவா? பிரிட்டிஷ் இயந்திரங்களும் பிரிட்டிஷ் வழக்கமும் ஆண்ட நாட்டில் அந்த ஒரே எண் 50 ஆயிற்று. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் உருவானபோது 50 சைக்கிள் என்பது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. மின்னழுத்தத்தை மட்டும் 230 என்றும் 240 என்றும் இரண்டுவிதமாக எழுதிவந்தார்கள். 1988-இல் இந்தியத் தரம் 230 என்று வகுத்தது.

மாணவரின் முதல் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஸ்டெப் டவுன் மின்மாற்றி தகட்டின் முதல் எண்ணைத்தான் மாற்றிக்கொடுக்கிறது. இரண்டாவது எண்ணை அது தொடுவதே இல்லை. உள்ளே நுழைவது 50 சைக்கிள். வெளியே வருவதும் 50 சைக்கிள்தான்.

அதனால் என்ன கெடுதல்? பெருக்கிக்குள்ளும் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதன் இரும்பில் எழும் காந்தப் பாயத்தின் அளவு, மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்த ஈவைப் பொறுத்தது. சிகாகோவில் 117-ஐ 60-ஆல் வகுக்க 1.95. இந்த மாணவரின் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மின்னழுத்தம் 240-ஐத் தொடுகிறது. ஸ்டெப் டவுன் அதில் பாதியாக 120 தருகிறது. 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. மீட்டர் காட்டும் வித்தியாசம் மூன்றே வோல்ட். இரும்பு உணரும் வித்தியாசமோ 23 சதவீதம்! இரும்பு எவ்வளவு வேண்டுமானாலும் காந்தத்தை ஏற்கும் பொருள் அன்று. ஓர் எல்லைக்குப் பின் தெவிட்டிவிடும். தெவிட்டும் நிலையில் முதன்மைச் சுருளின் மின்னோட்டம் திடீரென்று எகிறும். அது ஒலியாக மாறாமல் வெப்பமாகவே தீரும். சிக்கனமாக இரும்பு வைத்துக் கட்டிய மின்மாற்றிகளில் இந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. வார்னிஷ் வாசனையின் காரணம் இதுதான்.

தென்மண்டலத்தில் 1990-களில் மின் பற்றாக்குறையால் அதிர்வெண் 48-க்கு அருகே இறங்கிய நாட்கள் உண்டு. அன்று இதே பெருக்கி இன்னும் கூடுதலாகச் சூடாகியிருக்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலத் தொடர் நாட்டின் மற்றத் தொடர்களோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டது. இன்று அதிர்வெண் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே நிற்கிறது.

கித்தார் பெருக்கிக்குச் சூடு மட்டுமே தொல்லை. அதன் சுருதி மின்சாரத்தைப் பொறுத்தது அன்று. கித்தார்க் கம்பியைப் பொறுத்தது. ஆனால் அமெரிக்காவின் ஹாமண்ட் ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் மின் கடிகாரம் செய்தவர். 1935-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனில் பல்சக்கரங்கள் காந்தங்களின் முன் சுழன்று சுரங்களை உண்டாக்கின. சுழற்றியது கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற ஒத்தியங்கு மோட்டார். அதன் வேகத்தை அதிர்வெண் மட்டுமே நிர்ணயிக்கும். 60 சைக்கிளுக்குச் செய்த அந்த ஆர்கனை ஸ்டெப் டவுன் வைத்து நம் ஊரில் இயக்கினால் எல்லாச் சுரங்களும் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இறங்கிவிடும். ஆறுக்கு ஐந்து! இசை பயின்ற வாசகர்கள் உடனே கண்டுகொள்வார்கள். சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி அதுவே. அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் பொறியாளர்கள் தத்தம் வசதிக்கு எடுத்த இரண்டு முடிவுகளுக்கு நடுவே ஒரு காந்தாரம் உட்கார்ந்திருக்கிறது. இதனாலேயே ஹாமண்ட் நிறுவனம் 50 சைக்கிள் நாடுகளுக்கென்று தனி அமைப்புடன் ஆர்கன்களைச் செய்ய வேண்டியதாயிற்று. மோட்டாரால் சுழலும் பழைய அமெரிக்க இசைத்தட்டுக் கருவிகளுக்கும் இதே கதிதான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டியது 28-க்கும் கீழே வந்து, பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் கேட்கும்.

கித்தார் பெருக்கி செய்தவர்கள் இந்தக் கடல் கடக்கும் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்? கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் செய்த பெருக்கிகள் பிரிட்டனில் எட்டாத விலைக்கு விற்றன. இலண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் ஃபெண்டரின் 'பாஸ்மேன்' பெருக்கியின் சுற்றை மாதிரியாகக் கொண்டு உள்ளூர் வால்வுகளையும் உள்ளூர் மின்மாற்றிகளையும் வைத்து ஒன்றைக் கட்டச் செய்தார். 'ஜே.டி.எம். 45' என்ற அந்தப் பெருக்கியிலிருந்து ஒரு தனி ஒலி மரபே பிறந்தது. உள்ளூர்ப் பொருளை வைத்துச் செய்தபோது ஒலி சற்று மாறியது. மாறியதே பலருக்குப் பிடித்துவிட்டது. ஏற்றுமதிக்கான பெருக்கிகளில் பல அழுத்தங்களுக்குமான முனைகளையும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் திருப்பியையும் பின்னர் வைத்தார்கள். ஆகவே வெளிநாட்டுப் பெருக்கி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஸ்டெப் டவுன் வாங்க ஓடும்முன் அதன் பின்புறத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 230 அல்லது 240 என்ற முனை ஏற்கெனவே இருக்கலாம். இன்றைய புதிய கருவிகள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றே எழுதியிருக்கும். அவற்றுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

மாணவரின் பெருக்கியில் அத்தகைய முனை இல்லை. இப்போது அந்த இரண்டாவது கேள்வி: கம்பியைத் தொட்டால் ஏன் சுர்ரென்கிறது?

மறுநாள் ஸ்டெப் டவுனை மின் இணைப்பிலிருந்து முற்றிலும் கழற்றிவைத்து, அதன் உள்ளீட்டு முனை ஒன்றுக்கும் வெளியீட்டு முனை ஒன்றுக்கும் இடையே மின்தடையை அளக்கச் சொன்னேன். சில ஓம்கள்தாம் காட்டியது. அதாவது அதற்குள் இரண்டு தனித்தனிச் சுருள்கள் இல்லை. ஒரே சுருளின் நடுவே ஒரு கிளை எடுத்து 115 வோல்ட் தந்திருக்கிறார்கள். இதைத் தன்மின்மாற்றி, ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்பார்கள். செம்பு மிச்சம், விலை மலிவு. அழுத்தத்தைக் குறைப்பதில் குறையேதும் இல்லை. ஆனால் வீட்டு மின்கம்பியிலிருந்து அது நம்மைப் பிரிப்பதில்லை. மின் துளையில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், வெளியே வரும் இரு கம்பிகளில் ஒன்று 115 வோல்ட்டிலும் மற்றொன்று முழு 230 வோல்ட்டிலும் நிற்கும். இரண்டுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் 115தான் காட்டும். மாணவர் பார்த்தது அந்த 115-ஐ. தரைக்கும் கம்பிக்கும் இடையே அவர் அளந்து பார்க்கவில்லை.

அக்கால அமெரிக்கப் பெருக்கிகளில் மேலும் ஒரு வழக்கம் இருந்தது. செருகிக்கு இரண்டே கால்கள், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைப்பதற்காக மின்கம்பி ஒன்றிலிருந்து பெருக்கியின் உலோகச் சட்டத்துக்கு 0.05 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு மின்தேக்கியை இணைத்திருந்தார்கள். சட்டம் கித்தார் வயரின் வெளிவலை வழியாகக் கித்தார்க் கம்பிவரை தொடர்கிறது. ஆகவே வாசிப்பவரின் விரலுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையே நிற்பது அந்த ஒரு மின்தேக்கி மட்டுமே. அதன் வழியே அமெரிக்காவில் சுமார் 2 மில்லி ஆம்பியர் கசியலாம். இங்கே 230 வோல்ட்டில் நிற்கும் கம்பியோடு சேர்ந்தால் 3.6 மில்லி ஆம்பியர். சுர்ரென்றது இதுவே. மின்தேக்கி வயதாகிக் குறுக்குச் சுற்றானால், சுர் என்பதோடு நிற்காது. இதனினும் ஆபத்தானவை மின்மாற்றியே இல்லாத சிறு பெருக்கிகள். ஏ.சி./டி.சி. ரேடியோக்களைப் போல வால்வுகளின் சூடேற்றும் இழைகளை வரிசையாகக் கோத்து நேராக மின்கம்பியில் மாட்டிவிடுவார்கள். 50, 35, மூன்று 12.6 என்று கூட்டினால் 122.8, அமெரிக்க வீட்டு மின்னழுத்தத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். சாமர்த்தியமான கணக்கு. சட்டம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் உயிருள்ள கம்பியாகலாம்.

மேடையில் மைக் முன் நிற்கும் கித்தார் கலைஞர் இரு கருவிகளுக்கு நடுவே ஒரு கம்பியாகிறார். மைக் எர்த்தோடு இணைந்திருக்கிறது. கித்தாரில் மின்சாரம் இருந்தால் அது கைவழியே நுழைந்து உதடுவழியே வெளியேறும். 1965-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் இவ்வாறு மேடையிலேயே மயங்கி விழுந்து பிழைத்தார். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற இளம் கித்தார் கலைஞர் பிழைக்கவில்லை. ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ஆலயத்தில் ஞாயிறு காலை மைக்செட் போட்டு, ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நின்று வாசிக்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். மாணவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

வேலையை இரண்டாகப் பிரித்தோம். வால்வுப் பெருக்கிகளை அறிந்த முதிய ரேடியோ மெக்கானிக் ஒருவர் அந்த மின்தேக்கியை எடுத்துவிட்டு, மூன்று கால் செருகி மாட்டி, எர்த்தைச் சட்டத்தோடு உறுதியாக இணைத்தார். வாசகர்கள் இதைத் தாமே செய்யப் புக வேண்டாம். வால்வுப் பெருக்கிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் சுவிட்சை அணைத்த பின்னும் 400 வோல்ட்வரை மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மற்ற பாதி, மோட்டார் காயில் கட்டும் கடையில் நடந்தது. தனித்தனிச் சுருள்கள் கொண்ட மின்மாற்றி ஒன்றைச் சொல்லிச் செய்தோம். பெருக்கி 100 வாட் என்றாலும் 250 வோல்ட்-ஆம்பியர் தாங்கும்படி. வெளியீடு எத்தனை வோல்ட் என்பதில் நானும் மாணவரும் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டோம். 117 தந்தால் இரும்பு சூடாகும். 97.5 வோல்ட் தந்தால் இரும்புக்குச் சிகாகோவில் இருப்பதே போலத் தோன்றும், ஆனால் 6.3 வோல்ட் கேட்கும் வால்வு இழைக்கு 5.25தான் கிடைக்கும், அது போதாது. இழை பொதுவாகப் பத்து சதவீதம் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். 110 வோல்ட் என்று முடிவு செய்தோம். இழைக்கு 5.92 வோல்ட், இரும்புக்கு 13 சதவீதம் மட்டும் கூடுதல் சுமை.

கடைக்காரர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்பிங் பதினாறு சதுர சென்டிமீட்டர் போடுவோம், வோல்ட்டுக்கு ரெண்டரைச் சுத்துக்குக் கொஞ்சம் மேல வரும்" என்றார். நாங்கள் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த விடை 2.56. முதன்மைச் சுருளுக்கு 589 சுற்று. துணைச் சுருளுக்கு 282, சுமையில் இறங்குவதற்கு ஈடாக இன்னும் ஒரு பதின்மூன்று. அதே இரும்பை அமெரிக்காவில் கட்டினால் வோல்ட்டுக்கு 2.13 சுற்று போதும் என்று மாணவர் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அவங்களுக்குச் செம்பு மிச்சம், தம்பி" என்றார். வீட்டு மின்மாற்றியில் அவர்களுக்கு மிச்சம். தெருக் கம்பியில் நமக்கு மிச்சம்.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். பெருக்கியின் மின்மாற்றி கைவைத்தால் பொறுக்கும் சூட்டில் நின்றது. கித்தார்க் கம்பியில் சுர் இல்லை. யாரும் வாசிக்காதபோது வால்வுப் பெருக்கிகளுக்கே உரிய மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. மின்திருத்தி ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு அலைகளை எழுப்புவதால் அந்த ரீங்காரம் சிகாகோவில் 120 ஹெர்ட்ஸாக இருந்திருக்கும். தல்லாகுளத்தில் 100. மாணவர் கித்தாரை எடுத்து அந்த ரீங்காரத்தின் சுருதிக்குக் கம்பியை இழுத்துப் பார்த்தார். "மாமா வீட்டுல இது இன்னும் மேல பாடியிருக்கும், இல்ல சார்?" என்றார்.